தன்னார்வப் புத்தக மதிப்புரைச் சேவை நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு நூலகரின் மேசையை நினைத்துப் பாருங்கள். நான்கைந்து பதிப்பகங்களின் விலைப்பட்டியல்கள் கிடக்கின்றன. குறிப்பிட்ட தேதிக்குள் புத்தகங்களுக்குச் செலவழித்து முடிக்க வேண்டிய தொகை ஒன்று இருக்கிறது. பட்டியலில் நூற்றுக்கணக்கான தலைப்புகள். எந்தப் புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்பினாலும் அரிய படைப்பு என்றுதான் எழுதியிருக்கிறது. அத்தனையையும் அவரால் வாசிக்க முடியாது. யாராவது ஒருவர் முழுதாக வாசித்துவிட்டு, இது இன்னாருக்கு உதவும், இன்னாருக்கு உதவாது என்று நேர்மையாகச் சொன்னால் போதும். அந்த ஒருவராக இருப்பதுதான் மதிப்புரைச் சேவையின் வேலை.

இந்தத் தேவை பழையது. நூலகங்கள் வாங்கத் தகுந்த நூல்களைச் சொல்வதற்கென்றே அமெரிக்க நூலகச் சங்கம் 1905இல் 'புக்லிஸ்ட்' இதழைத் தொடங்கியது. 1933இல் வர்ஜீனியா கிர்கஸ் என்பவர், புத்தகம் வெளிவருவதற்கு முன்பே பதிப்பாளர்களிடம் மெய்ப்புப் படிகளை (இறுதி அச்சுக்கு முந்தைய பிரதிகளை) வாங்கி வாசித்து, புத்தகக் கடைக்காரர்களுக்குக் கருத்து எழுதி அனுப்ப ஆரம்பித்தார். இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக ஒரு வரி சொல்ல வேண்டுமானால், இந்திய நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுக்குத்தான் போக வேண்டும். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. இந்த மூன்றையும் மதிப்புரை எழுதுகிறவரும் தன் மேசையில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

சம்பளம் இல்லாத ஒரு சிறு குழுவை வைத்து இந்த வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். தொடங்கும்போது யாராவது சொல்லியிருக்கலாமே என்று நான் நினைத்தவற்றையெல்லாம் வரிசையாக எழுதுகிறேன்.

1. யாருக்காக என்று முதலில் முடிவு செய்யுங்கள்

'எல்லோருக்கும், எல்லாப் புத்தகமும்' என்று தொடங்கினால் மூன்று மாதத்தில் மூச்சு முட்டும். ஒரு எல்லை வேண்டும். சிறுவர் நூல்கள் மட்டும், மொழிபெயர்ப்புகள் மட்டும், அறிவியல் நூல்கள் மட்டும், சிறு பதிப்பகங்களின் முதல் நூல்கள் மட்டும் என்று ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு யாரும் கவனிக்காத மூலை எதுவோ அதுதான் நல்ல மூலை. பெரிய எழுத்தாளரின் புதிய நாவலுக்கு ஐம்பது மதிப்புரை வரும். உங்களுடையது ஐம்பத்தொன்றாவது. யாரும் தொடாத ஒரு பறவையியல் கையேட்டுக்கு நீங்கள் எழுதும் 300 சொற்கள்தான் ஒரே மதிப்புரையாக இருக்கலாம்.

அடுத்து, வாசகரும் நூலகரும் ஒரே கேள்வியோடு வருவதில்லை. வாசகர் கேட்பது, 'எனக்கு இது பிடிக்குமா?' நூலகர் கேட்பது, 'என் நூலகத்துக்கு வருகிறவர்களில் இதை யார் எடுப்பார்கள்? எத்தனை வருடம் அலமாரியில் நிற்கும்? ஏற்கெனவே இருக்கும் மூன்று நூல்களைவிட இதில் என்ன அதிகம்?' இரண்டுக்கும் தனித்தனி மதிப்புரை எழுத ஆள் கிடைக்காது. அதனால் ஒரே மதிப்புரையை இரண்டு பகுதியாக வைத்துக்கொள்வது எங்களுக்கு ஒத்துவந்தது. மேலே எல்லோருக்குமான மதிப்புரை, கீழே நூலகருக்கென்று நான்கைந்து வரிக் குறிப்பு.

2. ஒரே ஒரு பக்கத்தில் விதிகளை எழுதுங்கள்

முதல் புத்தகம் வருவதற்கு முன்பே இது கையில் இருக்க வேண்டும். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், முதல் தகராறு வந்த பிறகு யாரையோ மனதில் வைத்து விதி எழுதுவதுபோல் ஆகிவிடும்.

அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. எந்த வகை நூல்களை ஏற்கிறோம், வெளியாகி எத்தனை மாதம் வரை ஏற்கிறோம். நூல் அனுப்பினால் மதிப்புரை வரும் என்று உறுதி இல்லை. வந்தாலும் அது பாராட்டாக இருக்கும் என்று உறுதி இல்லை. அனுப்பிய பிரதி திரும்பி வராது. வெளியாகும் முன் எழுத்தாளருக்கோ பதிப்பாளருக்கோ மதிப்புரையைக் காட்ட மாட்டோம். தகவல் பிழை இருந்தால் திருத்துவோம், கருத்தை மாற்ற மாட்டோம். எழுத்தாளர் தானே வெளியிட்ட நூல்களை ஏற்கிறீர்களா இல்லையா என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஏற்பதாக இருந்தால் முதல் பத்துப் பக்கங்களை மட்டும் அனுப்பச் சொல்லி, அதை வாசித்துவிட்டு முழு நூலைக் கேட்பது நல்லது.

பணத்தைப் பற்றிய வரி தனியாக, தடித்த எழுத்தில் இருக்கட்டும்: மதிப்புரைக்காக யாரிடமிருந்தும் எந்தத் தொகையும் வாங்குவதில்லை. விரைவாக எழுதித் தாருங்கள், ஒரு சிறு தொகை தருகிறோம் என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். தபால் செலவுக்குக் கையைக் கடிக்கும் மாதத்தில்தான் அந்த மின்னஞ்சல் வரும். ஒரு முறை வாங்கினாலும், அதற்கு முன் எழுதிய எல்லா மதிப்புரைகள் மீதும் சந்தேகம் விழும். செலவுக்கு நன்கொடை தேவைப்பட்டால் வாசகர்களிடம் கேளுங்கள். யாருடைய நூலை எடை போடுகிறோமோ அவரிடம் கேட்காதீர்கள். இலவசமாக வந்த பிரதி என்றால் அதையும் மதிப்புரையின் அடியில் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

3. மதிப்புரையாளர்களைத் திரட்டுவது

நிறைய வாசிக்கிறவர்கள் எல்லோரும் மதிப்புரை எழுதக்கூடியவர்கள் அல்ல. இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். புத்தகத்தை நேசிப்பது ஒரு குணம். அதைப் பற்றி முன்பின் தெரியாத ஒருவருக்குப் பயன்படும்படி சொல்வது இன்னொரு திறமை. முதலாவது இருந்தால் இரண்டாவதைக் கற்றுக்கொடுக்கலாம். முதலாவது இல்லாதவருக்கு எதையும் கற்றுக்கொடுக்க முடியாது.

சேர விரும்புகிறவரிடம் மாதிரி மதிப்புரை ஒன்று கேளுங்கள். 'உங்களுக்கு மிகவும் பிடித்த நூல்' என்று கேட்டால் புகழுரைதான் வரும். நான் கேட்பது வேறு: 'பாதி பிடித்து, பாதி பிடிக்காமல் போன ஒரு நூலைப் பற்றி 300 சொல் எழுதுங்கள்.' பிடித்தது எது, பிடிக்காதது எது, ஏன் என்று அவர் காரணத்தோடு பிரித்துச் சொல்கிறாரா என்பது அதில் தெரிந்துவிடும். நடை கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் பரவாயில்லை, அதைத் திருத்திக்கொள்ளலாம். நூலிலிருந்து ஒரு எடுத்துக்காட்டுகூட இல்லாமல் முழுக்க முழுக்க உணர்ச்சியாக இருந்தால், மறுபடியும் ஒரு முறை எழுதச் சொல்வேன். அப்புறமும் அப்படியே வந்தால் நன்றி சொல்லிவிடுவேன்.

அவர்கள் நிரப்பித் தர ஒரு படிவம் வையுங்கள். எந்தத் துறையில் பழக்கம், எந்த மொழிகளில் வாசிப்பார், அச்சுப் பிரதி வேண்டுமா மின்னூல் போதுமா, எந்தப் பொருளைத் தொட விருப்பமில்லை. கடைசிக் கேள்வி முக்கியம். அண்மையில் நெருங்கிய ஒருவரை இழந்தவரிடம் மரணத்தைப் பற்றிய நூலைக் கொடுத்துவிடக் கூடாது.

இலக்கிய வாசகர்கள் மட்டும் போதாது. மருத்துவமனை அனுபவங்களைச் சொல்லும் நூலை ஒரு செவிலியர் வாசித்தால், வேறு யாருக்கும் படாத பிழை அவர் கண்ணில் படும். மரவேலைக் கையேட்டில் உள்ள வரைபடத்தை வைத்து உண்மையில் ஒரு முக்காலி செய்துவிட முடியுமா என்று ஒரு தச்சர்தான் சொல்ல முடியும்.

எத்தனை பேர் வேண்டும்? பன்னிரண்டு பேர், ஆளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு புத்தகம் என்றால் கணக்குப்படி வருடத்துக்கு 72 மதிப்புரை. தேர்வு, உடல்நலம், வேலைப்பளு எல்லாம் போக ஐம்பதை எதிர்பார்த்துத் திட்டமிடுங்கள்.

4. புத்தகங்கள் வந்து சேரும் வழி

தொடக்கத்தில் எந்தப் பதிப்பகமும் உங்களை அறியாது. அதனால் முதல் பத்துப் பதினைந்து மதிப்புரைகளைச் சொந்தப் பிரதிகளையும் நூலகத்தில் எடுத்த பிரதிகளையும் வைத்தே எழுதிவிடுங்கள். அவற்றில் நல்ல மூன்றை இணைத்து, உங்கள் ஒற்றைப் பக்க விதிகளையும் சேர்த்துப் பதிப்பகங்களுக்கு எழுதுங்கள். 'உங்கள் நூல்களை அனுப்புங்கள்' என்று பொதுவாகக் கேட்பதைவிட, அவர்கள் பட்டியலைப் பார்த்து இந்த நூல் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டால் பதில் வரும்.

வந்த பிரதி ஒவ்வொன்றையும் அன்றே பதிவேட்டில் ஏற்றுங்கள். வந்த நாள், தலைப்பு, அனுப்பியவர், யாரிடம் போனது, எப்போது தர வேண்டும், எந்த நிலையில் இருக்கிறது. எக்செல் போன்ற ஒரு விரிதாள் போதும், தனி மென்பொருள் தேவையில்லை. நாளைக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்த புத்தகம்தான் காணாமல் போகும்.

மெய்ப்புப் படியாக வரும் நூல்களில் இரண்டு எச்சரிக்கை. அவை இறுதித் திருத்தம் பெறாதவை. அதிலிருந்து மேற்கோள் எடுத்தால் அச்சான நூலோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் வெளியிட வேண்டும். எங்கள் மதிப்புரை ஒன்றில் நாங்கள் ரசித்து எடுத்துக்காட்டிய வரி, அச்சான நூலில் நீக்கப்பட்டிருந்தது. ஒரு வாசகர் நூல் முழுக்கத் தேடிவிட்டு எங்களைக் கேட்டபோதுதான் தெரிந்தது. இன்னொன்று, மெய்ப்புப் படியை விற்கவும் கூடாது, நூலகத்துக்குக் கொடையாகக் கொடுக்கவும் கூடாது. முடிந்த நூலாகக் கணக்கில் வைக்கத் தகுந்தது அல்ல அது. இறுதி அச்சுப் பிரதிகளை மதிப்புரை வந்த பிறகு நூலகங்களுக்குக் கொடுக்கலாம். அதையும் விதிப் பக்கத்தில் சொல்லிவிடுங்கள்.

5. யாரிடம் எந்தப் புத்தகம்

ஒருங்கிணைப்பாளரின் உண்மையான திறமை இங்கேதான் தெரியும். மதிப்புரையாளர் தானாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டால் பிரபலமான நான்கு நூலுக்கு எல்லோரும் கை தூக்குவார்கள், மீதி அடுக்கில் தூங்கும். நாமே ஒதுக்கினால் வேண்டாவெறுப்பாக வாசிப்பார்கள். ஒருவருக்கு இரண்டு அல்லது மூன்று நூல்களைச் சொல்லி, அதில் ஒன்றை எடுக்கச் சொல்வது நடுவழி.

எடுப்பதற்கு முன் மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். இந்த எழுத்தாளரையோ, மொழிபெயர்ப்பாளரையோ, பதிப்பாளரையோ நேரில் பழக்கமா? இதே பொருளில் நீங்கள் நூல் எழுதியிருக்கிறீர்களா, எழுதப் போகிறீர்களா? இந்த நூலின் நன்றியுரையில் உங்கள் பெயர் இருக்கிறதா? மூன்றாவது கேள்வி எங்கள் படிவத்தில் சேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எழுத்தாளரின் நெருங்கிய நண்பர் எழுதிய மதிப்புரை ஒன்றை, நட்பு இருப்பது தெரியாமல் வெளியிட்டுவிட்டோம். நூலின் கடைசிப் பக்கத்தில் அவருக்கு நன்றி சொல்லப்பட்டிருந்தது. நான் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. மதிப்புரையை விலக்கிக்கொண்டு, ஏன் விலக்கினோம் என்று எழுதி, எங்கள் பட்டியலைப் பெறும் நூலகங்கள் எல்லாவற்றுக்கும் தகவல் அனுப்பினோம். இப்போது எந்த நூல் வந்தாலும் முதலில் நன்றியுரையைத்தான் பார்க்கிறேன்.

கால அவகாசம் ஆறு வாரம். நான்காவது வாரத்தில் மென்மையாக ஒரு நினைவூட்டல். நூல் ஒத்துவரவில்லை என்றால் திருப்பி அனுப்பலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பாதியில் விட்ட நூலுக்கு மதிப்புரை எழுதக் கூடாது. இது எங்கள் சேவையில் விலக்கே இல்லாத விதி. கடைசி அத்தியாயத்தில் கதை தடம் மாறும் நூல்களும் உண்டு, முதல் 200 பக்கம் சொன்ன கருத்தை முடிவுரையில் மறுக்கும் நூல்களும் உண்டு.

6. எழுதுவது

மேலே நூல் விவரம் பிழையில்லாமல் இருக்க வேண்டும். தலைப்பு, எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர், ஓவியர், பதிப்பகம், பதிப்பு, ஆண்டு, பக்கம், ஐஎஸ்பிஎன் (நூலுக்கான சர்வதேச அடையாள எண்). இவற்றை அட்டையிலிருந்து எடுக்காமல், தலைப்புப் பக்கத்திலிருந்தும் அதன் பின்புறமுள்ள பதிப்புரிமைப் பக்கத்திலிருந்தும் எடுங்கள். ஐஎஸ்பிஎன் 2007 தொடக்கத்திலிருந்து 13 இலக்கம். ஒரே நூலின் கெட்டி அட்டைப் பதிப்புக்கு ஒரு எண், சாதா அட்டைக்கு வேறு எண், மின்னூலுக்கு இன்னொன்று. எந்தப் பதிப்பை வாசித்தீர்களோ அதன் எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். நூலகர் அந்த எண்ணை வைத்துத்தான் ஆர்டர் போடுவார்.

கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. முதல் 12 இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று 1ஆலும் 3ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். வரும் தொகையோடு கடைசி இலக்கத்தையும் சேர்த்தால் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். கூட்டுத்தொகை 93 என்றால் கடைசி இலக்கம் 7 ஆக இருக்கும். விரிதாளில் இந்தக் கணக்கை ஒரு சூத்திரமாகப் போட்டுவிட்டால் தட்டச்சுப் பிழைகளில் பெரும்பாலானவை உடனே பிடிபடும்.

மதிப்புரை 300 முதல் 400 சொல். அதற்கு மேல் நூலகர் வாசிப்பதில்லை, அவருக்கு நேரமில்லை. ஒரு எடுத்துக்காட்டு. புதிதாகச் சேர்ந்த ஒருவரிடமிருந்து வந்த முதல் வரைவு ஏறக்குறைய இப்படி இருந்தது:

'மிக அருமையான நாவல். ஆசிரியரின் நடை மனதைக் கொள்ளை கொள்கிறது. உறவுகளின் ஆழத்தை உணர்த்தும் இந்நூல் ஒவ்வொருவரும் அவசியம் படிக்க வேண்டிய ஒன்று.'

இதில் பொய் எதுவும் இல்லை. அவருக்கு நூல் உண்மையிலேயே பிடித்திருந்தது. ஆனால் தலைப்பை மாற்றினால் வேறு எந்த நாவலுக்கும் இது பொருந்தும். தொலைபேசியில் அரை மணி நேரம் பேசினோம். நான் கேட்டதெல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள். யார் கதை சொல்கிறார்? எந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை? எங்கே சலிப்புத் தட்டியது? உங்களுக்குத் தெரிந்தவர்களில் யாருக்கு இதைக் கொடுப்பீர்கள், யாருக்குக் கொடுக்க மாட்டீர்கள்? அடுத்த வரைவு இப்படி வந்தது:

'மறதி நோய் வந்த தாயைக் கவனித்துக்கொள்ளும் மகன் சொல்லும் கதை. முதல் எண்பது பக்கம் மெதுவாக நகர்கிறது. ஒரே நாளின் வேலைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. தாய் மகனைத் தன் தம்பி என்று நினைத்துப் பேசத் தொடங்கும் இடத்திலிருந்து அந்தத் திரும்பவருதலுக்கு அர்த்தம் கிடைத்துவிடுகிறது. மருத்துவ விவரங்கள் தேடி வருகிறவர்களுக்கு இது உதவாது. வீட்டில் இப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் தங்களை இதில் அடையாளம் காண்பார்கள். அவர்களில் சிலருக்கு அதுவே பாரமாகவும் இருக்கலாம்.'

இரண்டாவதில் 'அருமை' என்ற சொல்லே இல்லை. ஆனாலும் ஒரு நூலகர் இதை வாசித்ததும் அவருக்கு இரண்டு மூன்று முகங்கள் நினைவுக்கு வரும். இன்னாருக்கு எடுத்துக்கொடுக்கலாம் என்று தோன்றும். மதிப்புரை அதைச் செய்துவிட்டால் போதும். புதிதாக யார் சேர்ந்தாலும் இந்த இரண்டு வரைவையும் அனுப்பிவிடுகிறேன்.

கதையை எவ்வளவு சொல்லலாம் என்று அடிக்கடி கேட்பார்கள். முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் நடப்பதைச் சொல்லலாம், அதற்குப் பின்னால் வருவதை வாசகரிடம் விட்டுவிடுங்கள்.

கட்டுரை நூல்களுக்கு வேறு கேள்விகள். எழுதியவருக்கு இந்தப் பொருளில் என்ன அனுபவம்? தரவுகள் எந்த ஆண்டு வரைக்குமானவை? ஆதாரங்களைச் சொல்லியிருக்கிறாரா? எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் சொல்லடைவு பின்னால் இருக்கிறதா? வாசகருக்கு இது சாதாரண விஷயமாகத் தோன்றலாம். நூலகத்தில் ஒருவர் ஒரே ஒரு தகவலைத் தேடி வரும்போது, சொல்லடைவு இல்லாத 500 பக்க நூல் அவருக்குப் பூட்டிய அறைதான். மறுபதிப்பு என்றால் பழையதற்கும் இதற்கும் என்ன மாற்றம் என்று சொல்லுங்கள். முன்னுரை மட்டும் புதிது என்றால் பழைய பிரதி உள்ள நூலகம் வாங்கத் தேவையில்லை.

மொழிபெயர்ப்பில், மூல மொழியிலிருந்து நேரடியாக வந்ததா, இடையில் இன்னொரு மொழி வழியாக வந்ததா என்பதைக் குறிப்பிடுங்கள். மொழிபெயர்ப்பாளரின் பெயரை விட்டுவிடாதீர்கள். மூல மொழி தெரியாதவர் 'மூலத்துக்கு நெருக்கமான மொழிபெயர்ப்பு' என்று எழுதினால் அந்த வரியை நான் எடுத்துவிடுவேன். வாசிக்கத் தடையில்லாமல் போகிறது என்று வேண்டுமானால் அவரால் சொல்ல முடியும்.

சிறுவர் நூலை ஒரு குழந்தையோடு உட்கார்ந்து சத்தமாக வாசித்துப் பார்க்காமல் எழுதக் கூடாது. கண்ணால் வாசிக்கும்போது அழகாகத் தெரியும் வாக்கியம், வாயால் சொல்லும்போது மூச்சு வாங்கும். எந்தப் பக்கத்தில் குழந்தை படத்தைத் தொட்டது, எங்கே நழுவி ஓடியது என்று குறித்துவையுங்கள். அதைவிட நல்ல சான்று கிடைக்காது. வயதைச் சொல்லும்போது தானே வாசிக்கும் வயது, கேட்டு ரசிக்கும் வயது என்று இரண்டாகச் சொல்லுங்கள். வன்முறை, தற்கொலை, பாலியல் கொடுமை போன்றவை நூலில் இருந்தால் ஒரு வரியில் தெரிவித்துவிட வேண்டும். அது தடை அல்ல, கொடுக்கிறவருக்கான தகவல்.

அப்புறம் நூலகருக்கான குறிப்பு. இதில் புத்தகம் என்ற பொருளையே பார்க்க வேண்டும். எழுத்தின் அளவு முதியவர்களுக்கு வசதியா? தாள் மறுபக்க எழுத்தைக் காட்டுகிறதா? தொடரின் பகுதியென்றால் தனியாக வாசிக்க முடியுமா? கட்டு (பைண்டிங்) எப்படி? கட்டைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. நூலை நடுவில் பிரித்து மேசையில் வைத்துக் கையை எடுங்கள். தைத்த கட்டு என்றால் கிட்டத்தட்டப் படிந்து கிடக்கும். பசையால் மட்டும் ஒட்டியது என்றால் தானாக மூடிக்கொள்ளப் பார்க்கும். அழுத்தினால் முதுகில் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டில்தான் நாளைக்குத் தாள் கழன்று வரும். முதுகை மேலிருந்து பார்த்தால் தைத்த புத்தகத்தில் தாள்கள் சிறு சிறு கொத்துகளாக மடிந்திருப்பது தெரியும். பலர் கைமாறும் பிரதிக்கு இது பெரிய விஷயம்.

குறிப்பின் கடைசி வரி பரிந்துரை. நாங்கள் மூன்று நிலை வைத்திருக்கிறோம்: கட்டாயம் வாங்கலாம், இந்தப் பொருளில் தேவை இருந்தால் வாங்கலாம், தவிர்க்கலாம். நட்சத்திரம் கொடுப்பதில்லை. ஐந்துக்கு மூன்றரை என்றால் வாங்குவதா வேண்டாமா என்பது யாருக்கும் புரியாது.

7. திருத்துவது

எழுதியவரைத் தவிர இன்னொருவர் படிக்காமல் எதுவும் வெளியே போகக் கூடாது. திருத்துகிறவர் பெயர்கள், ஆண்டுகள், பக்க எண், மேற்கோள் எல்லாவற்றையும் சரிபார்ப்பார். வாக்கியத்தைச் சீர்செய்வார். தீர்ப்பில் கை வைக்க மாட்டார். 'நடை சலிப்பூட்டுகிறது' என்று வந்தால் அதைக் குறைத்து எழுதுவது அவர் வேலையல்ல. எந்த இடத்தில் என்று கேட்டு ஒரு எடுத்துக்காட்டு வாங்குவதுதான் அவர் வேலை.

பாதகமான மதிப்புரையை இரண்டு பேர் படிக்கட்டும். குறை நூலைப் பற்றியதாக இருக்க வேண்டும், எழுதியவரைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கக் கூடாது. முதல் நூல் எழுதிய ஒருவரின் பலவீனமான நூலை வைத்து 400 சொல் செலவழிக்க வேண்டுமா என்றும் யோசியுங்கள். நாங்கள் பெரும்பாலும் அதை அமைதியாக விட்டுவிடுகிறோம். ஆனால் பரவலாக விற்கும் ஒரு உடல்நல நூலில் ஆபத்தான தவறு இருந்தால் எழுதியே ஆக வேண்டும். அங்கே பணயமாவது வாங்கும் பணம் மட்டுமல்ல, வாசகரின் உடல்நலமும்தான்.

மேற்கோள் சிறிதாக, சொல்ல வந்ததற்குத் தேவையான அளவில் இருக்கட்டும். வெளியான நூலிலிருந்து நியாயமான அளவில் மேற்கோள் காட்டுவதை, பதிப்புரிமை பற்றிய சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் 10ஆம் பிரிவு அனுமதிக்கிறது. மூலத்தையும் எழுத்தாளர் பெயரையும் குறிப்பிடச் சொல்கிறது. அட்டைப் படம் போட வேண்டுமானால் பதிப்பகத்திடம் ஒரு முறை பொது அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னட்டையிலிருந்தோ வேறு மதிப்புரையிலிருந்தோ எடுத்தது போலத் தோன்றும் வரி வந்தால் தேடிப் பாருங்கள். வாசிக்காமல் இயந்திரத்தை எழுதவைத்து அனுப்புவதும் இப்போது நடக்கிறது. அப்படிப்பட்ட மதிப்புரை வழவழப்பாக இருக்கும், ஒரு பக்க எண்கூட இருக்காது. அதனால் மதிப்புரையோடு ஐந்து பக்கக் குறிப்புகளையும் சேர்த்துக் கேட்கிறோம். எந்தப் பக்கத்தில் என்ன குறித்தீர்கள் என்று. உண்மையில் வாசித்தவருக்கு அது கையோடு இருக்கும்.

8. நூலகங்களிடம் கொண்டுபோவது

மதிப்புரை வெளியானால் நூலகர் தானாக வந்து பார்ப்பார் என்று இருக்காதீர்கள். மாதம் ஒரு பட்டியல் அனுப்புங்கள். தலைப்பு, ஐஎஸ்பிஎன், டியூவி வகைப்பாட்டு எண் (நூலகங்கள் நூல்களைப் பொருள்வாரியாக அடுக்கப் பயன்படுத்துவது), பரிந்துரை, ஒரு வரிக் காரணம். பொருள்வாரியாக அடுக்கியிருக்க வேண்டும், விரிதாளாக இருந்தால் அவர்கள் நேரே ஆர்டர் தாளில் ஒட்டிக்கொள்வார்கள். ஒவ்வொரு நூலகமும் எந்த மாதத்தில் வாங்குகிறது என்று கேட்டுக் குறித்துவையுங்கள். வாங்கி முடித்த மறுவாரம் போய்ச் சேரும் நல்ல பட்டியலால் பயனில்லை.

மதிப்புரையைத் தங்கள் நூற்பட்டியலில் சேர்த்துக்கொள்ள நூலகங்களுக்கு முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கொடுங்கள். மதிப்புரையாளர் சேரும்போதே அவரிடமும் இதற்குச் சம்மதம் வாங்கிவிட வேண்டும். நூலகங்கள் நூல் விவரங்களைக் கணினியில் பதியப் பயன்படுத்தும் மார்க் 21 வடிவத்தில், எண்ணிட்ட புலங்கள் (பகுதிகள்) உண்டு; அதில் 520ஆம் புலம் சுருக்கக் குறிப்புக்கானது. அந்தப் புலத்தின் வகையைச் சொல்லும் முதல் குறிகாட்டியில் 1 இட்டால் அது மதிப்புரை என்று பொருள். யாருக்கான நூல் என்பது 521இல் போகும். உங்கள் நூலகர் குறிப்பை இந்த இரண்டுக்கும் நேரே பொருந்தும்படி சுருக்கி எழுதினால் பட்டியலிடுகிறவரின் வேலை பாதியாகும்.

9. கோபமான கடிதம் வரும்போது

வரும். பல வருட உழைப்பை நாம் ஒரு பக்கத்தில் எடை போட்டிருக்கிறோம், வலிக்கத்தான் செய்யும். அன்றே பதில் எழுதாதீர்கள். மறுநாள், தகவல் பிழை ஏதாவது சுட்டியிருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் திருத்தி, திருத்திய தேதியையும் போட்டு, நன்றி சொல்லுங்கள். மீதி கருத்து வேறுபாடு என்றால், வாசித்தோம், எங்கள் மதிப்புரையாளரின் கருத்து அதுவே என்று மரியாதையாக இரண்டு வரி போதும். பதிலை எப்போதும் சேவையின் பெயரில் ஒருங்கிணைப்பாளர்தான் எழுத வேண்டும். மதிப்புரையாளரின் மின்னஞ்சல் முகவரியை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள்.

10. சோர்வும் தொடர்ச்சியும்

தன்னார்வ வேலை நிற்பது பெரும்பாலும் சண்டையால் அல்ல, களைப்பால். மூன்று முறை காலம் தவறியவரைக் கண்டிக்காமல், ஆறு மாதம் விடுப்பு எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேளுங்கள். பலர் திரும்பி வருவார்கள். வெளியான மதிப்புரையை வைத்து ஒரு நூலகம் நூல் வாங்கியது என்று தெரிந்தால் எழுதியவரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். சம்பளம் இல்லாத இடத்தில் அதுதான் கூலி. ஒருங்கிணைப்பாளருக்கும் மாற்று ஆள் வேண்டும். பதிவேடு, மின்னஞ்சல், கடவுச்சொல் எல்லாம் இரண்டு பேரிடம் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு மாதம் அந்த இரண்டாமவரே முழுதாக நடத்திப் பார்க்கட்டும்.

ஆண்டு முடிவில், 'கட்டாயம் வாங்கலாம்' என்று நீங்கள் சொன்ன நூல்களின் பட்டியலை நூலகங்களுக்கு அனுப்பி, எவை எத்தனை முறை இரவல் போயின, எவை அலமாரியிலேயே நின்றன என்று கேளுங்கள். முதல் வருடம் நாங்கள் கேட்டபோது வந்த பதில்களில் ஒன்றில், நாங்கள் மனமாரப் பரிந்துரைத்த சிறுவர் நூல் நன்றாக இரவல் போனதாகவும், நான்கே மாதத்தில் தாள்கள் கழன்றுவிட்டதாகவும் எழுதியிருந்தார்கள். கதையைப் பற்றி 350 சொல் எழுதியிருந்த எங்களில் ஒருவரும் கட்டைப் பார்த்திருக்கவில்லை. நூலைப் பிரித்து மேசையில் வைத்தால் என்ன ஆகிறது என்ற கேள்வி எங்கள் படிவத்தில் ஏறியது அந்த வாரம்தான்.